நீர்க்கரை நிலமும் குத்தகைச் சீட்டும்

முன்னுரை

நிலத்தை உழுவது வேறு. நிலத்தை உடைமையாகக் கொள்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க முயன்றதே நம் சமுதாயத்தின் நூற்றாண்டு வரலாறு என்று கூறின் அது மிகையாகாது. கல்விக் கழகமொன்றின் வெள்ளி விழா மலரில் நிலத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நிலம் நம் கையைவிட்டுப் போன இடங்களிலெல்லாம் முதலில் போனது ஒரு தாள். அத்தாளைப் படிக்கத் தெரியாமையாலேயே பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. ஆதலின் நிலத்தின் வரலாறு கல்வியின் வரலாறும் ஆகும்.

அரசுக்குச் சொந்தமான ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடற்கரை நிலங்கள் பல நாடுகளில் நீண்டகாலக் குத்தகையில் இருந்து வருகின்றன. "பல தலைமுறைகளாகக் குத்தகையில் இருப்பவர்களுக்கே அந்நிலங்களை விலைக்குக் கொடுத்துவிடலாமே" என்னும் கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் இதற்கு விடை கூறுமுன் வேறொரு வினாவிற்கு விடை காணவேண்டும். குத்தகைதாரர் என்பவர் யார்? சீட்டில் பெயர் உள்ளவரா? நிலத்தில் வியர்வை சிந்தியவரா? இவ்வினாவை மனத்திற்கொண்டு சில வரலாற்றுச் சான்றுகளை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நீர்க்கரை யாருடையது?

நம் சாத்தான்குளம் வட்டாரம் தேரி மணலும் பனையும் நிறைந்த வறண்ட பகுதி. தாமிரபரணியின் உபரி நீர் சடையனேரிக் கால்வாய் வழியாக வந்து தருவைகளை நிரப்பினால்தான் இங்குக் கிணறுகளில் ஊற்று நிற்கும். மணிமுத்தாற்றுப் பெருங்கால்வாயின் கடைப்பகுதியும் நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்துக் குளங்களை நோக்கியே வருகிறது. நீர் வரும் வழியில் உள்ள ஒரு துண்டு நிலத்திற்கு என்ன மதிப்பு என்பதை இவ்வூர் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆற்றுப் படுகை, ஓடை, ஏரி, குளம், கடலின் அலைவாய் ஆகியன அரசின் உடைமையே என்று 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் தெளிவாக உரைத்தது. இவ்வகை நிலங்களே நீர்நிலைப் புறம்போக்கு எனப்படுகின்றன. ஆறு தன் போக்கை மாற்றும், வெள்ளம் வரும், கரை உடையும். நீர் செல்லும் வழியைத் தனியொருவருக்கு விற்றுவிட்டால் ஊர் முழுவதும் துன்புறும் என்பதே இவ்விதியின் அடிப்படை. ஆகவே இத்தகைய நிலங்களை அரசு விற்பதில்லை. வேளாண்மைக்கு ஏற்ற பகுதிகளைக் குத்தகைக்கு விடுவதே வழக்கம். காவிரிக் கரையில் இவற்றைப் படுகை நிலம் என்பர். கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் நடுவே வண்டல் படிந்து எழும் திட்டுகளை லங்கா நிலம் என்பர்.

பிரிக்கப்படாத சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு 1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்துறையே 1949இல் அரிசன நலத்துறையாக உருப்பெற்றது. தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு லங்கா நிலங்களைக் குத்தகைக்கு விடும் முறை அக்காலத்தில் கைக்கொள்ளப்பட்டது. நிலம் அரசினுடையது, குத்தகை சங்கத்தினுடையது, பயிரிடும் உரிமை உறுப்பினருடையது. தனியொருவர் கடன்பட்டாலும் நிலம் கைமாறிப் போகாமல் சங்கம் தடுக்க இயலும். இம்முறையை நாம் நினைவிற் கொள்வது நன்று.

1892இன் படிப்பினை

குத்தகையிலிருந்து உடைமைக்குச் செல்லும் வழியை ஆராயும்போது பஞ்சமி நிலத்தின் வரலாற்றை விட்டுவிட இயலாது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் என்பார் 1891இல் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைக் குறித்து விரிவான அறிக்கையொன்றை அரசுக்கு அளித்தார். தரிசு நிலங்கள் ஏராளமாகக் கிடந்தும் அவை உழைக்கும் மக்களுக்குக் கிட்டாமைக்குக் காரணம் என்னவென்று அவர் ஆராய்ந்தார். தரிசு வேண்டி ஒருவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதாரருக்கே முன்னுரிமை என்று விதி இருந்தது. பண்ணையாள் நிலம் கேட்டால், அதுகாறும் அந்நிலத்தைத் திரும்பியும் பாராத மிராசுதாரர் உடனே உரிமை கோருவார். பண்ணையாளுக்குச் சொந்த நிலம் கிடைத்தால் தம் வயலுக்கு ஆள் கிடைக்காது என்பதே அவர் அச்சம்.

இவ்வறிக்கையைத் தொடர்ந்து 30-9-1892 அன்று அரசாணை பிறந்தது. அவ்வழியே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்யப்பட்ட நிலங்கள் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இவ்வொப்படைக்கு நிபந்தனைகள் உண்டு. முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானமளிக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் கைமாற்ற விரும்பினால் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனைகள் நன்றே. ஆயினும் நிலம் எங்கே? திருமணம், நோய், பஞ்சம் ஆகிய நெருக்கடிகளில் சிறு கடனுக்காகக் கைரேகை வைத்துக் கொடுத்தவர் பலர். ஒப்படைப் பத்திரத்தில் எழுதியிருந்த பாதுகாப்பை அவர் படித்தறியவில்லை. அறிந்த அதிகாரிகள் எடுத்துரைக்கவில்லை. 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது நிபந்தனைக் குறிப்பு நீங்கிச் சாதாரணப் பட்டாவாகப் பதியப்பட்டது என்னும் முறையீடும் பல ஊர்களில் உண்டு.

இழந்ததை மீட்கும் முயற்சிக்கு உயிரும் விலையாயிற்று. செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தைத் தொடர்ந்து 10-10-1994 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். ஒப்படையின் நிபந்தனை பிற்காலத்தில் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்றும், அதை மீறிய விற்பனை செல்லாது என்றும் சென்னை உயர்நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. சட்டம் நம் பக்கம் நின்றது. ஆயினும் அத்தீர்ப்பை ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நடைமுறைப்படுத்தும் பணி இன்றும் எஞ்சியுள்ளது.

ஸ்கை தீவின் இரு ஊர்கள்

பஞ்சமி நிலம் விலையின்றி, நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாறன்றிக் குத்தகைதாரருக்கு விலைக்கே கொடுத்த இடங்களில் என்ன நேர்ந்தது? இதற்கு ஸ்காட்லாந்து நாட்டின் ஸ்கை தீவு தக்கதொரு சான்றாகும். அத்தீவின் வரலாற்றுக்கும் நம் தாமிரபரணிக் கரைக்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்றும் உண்டு.

ஸ்கை தீவின் கடலோரச் சிற்றூர்களில் வாழ்ந்த குடியானவர்கள் பெரும் பிரபுக்களின் குத்தகையாளர்கள். சிறிதளவு நிலம், சில மாடு ஆடுகள், மீன்பிடி ஆகியனவே அவர்தம் பிழைப்பு. பிரபு நினைத்தால் எந்நேரமும் வெளியேற்றலாம். 1882இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளெண்டேல் என்னும் ஊருக்குப் போர்க் கப்பலையே அரசு அனுப்பியது. தலைவர்கள் 1883இல் சிறை புகுந்தனர். அம்மக்களின் குறைகளை விசாரிக்க 1883இல் அமைக்கப்பெற்ற குழுவின் தலைவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக வீற்றிருந்தவர் இவரே. சென்னையிலுள்ள நேப்பியர் பாலம் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் ஸ்ரீவைகுண்டம் அணையின் வேலை 1869இல் தொடங்கியதும் இவர் ஆட்சிக் காலத்திலேதான்.

அவ்விசாரணையின் பயனாக 1886இல் குடியானவர் சட்டம் பிறந்தது. குத்தகையாளரைக் காரணமின்றி வெளியேற்றலாகாது; குத்தகைத் தொகையை நடுவர் ஆணையம் நிர்ணயிக்கும்; உரிமை வாரிசுக்குச் செல்லும் என்று அச்சட்டம் விதித்தது. பின்னர் அரசே வாரியம் ஒன்றை அமைத்து, 1904இல் கிளெண்டேல், கில்முயர் என்னும் இரு பெருநிலப் பரப்புகளையும் பிரபுக்களிடமிருந்து வாங்கிற்று. "50 ஆண்டுத் தவணையில் பணம் செலுத்தி நிலத்தை உங்கள் உடைமையாக்கிக் கொள்ளுங்கள்" என்று குத்தகையாளருக்கு அரசு கூறியது.

கிளெண்டேல் மக்கள் இசைந்தனர். அரை நூற்றாண்டு தவணை கட்டி உடைமையாளர் ஆயினர். கில்முயர் மக்களோ மறுத்துவிட்டனர். உடைமையாளர் ஆனால் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு நீங்கும். நில உரிமையாளர்க்குரிய வரிச்சுமையும் தம் தலையில் விழும் என்று அவர்கள் கணக்கிட்டனர். வெளியேற்ற முடியாத குத்தகையும் நியாயமான தொகையும் இருக்கையில், அரசின் குடியாகவே இருப்பது மேல் என்று முடிவு செய்தனர். இன்றும் கில்முயர் அரசின் நிலமே. மக்கள் அதன் நிலையான குத்தகையாளர்கள்.

பிற்காலத்தில் என்னவாயிற்று? கிளெண்டேலில் சொந்த நிலம் சந்தைக்கு வரக்கூடிய பொருளாயிற்று. கடற்கரை அழகை நாடிய வெளியூரார் பலர் விலை கொடுத்து வாங்கிக் குடியேறினர். 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக் குத்தகையின் 15 மடங்கை விலையாகச் செலுத்தி நிலத்தை வாங்கும் உரிமையை ஏனைய குடியானவர்க்கும் அளித்தது. அது முதல் கடலோரக் குடியிருப்புகள் விடுமுறை வீடுகளாக மாறுகின்றன என்னும் கவலை அந்நாட்டில் ஓயவில்லை. முன்னோர் சிறை சென்று பெற்ற நிலத்தைப் பேரர் ஒரு கையெழுத்தில் விற்றுவிடலாம். உடைமை என்பது உரிமையே. ஆனால் விற்கும் உரிமையுடன் இழக்கும் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது.

சிங்கம்பட்டி மலைக் குத்தகை

ஸ்கை தீவில் சீட்டில் பெயர் பெற்றவரும் நிலத்தில் உழைத்தவரும் ஒருவரே. நம் மாவட்டத்து மலையில் நிலைமை வேறாயிற்று. அதனை இனி நோக்குவோம்.

மணிமுத்தாறு பிறக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியனவாக இருந்தன. ஜமீன் குடும்பம் சிக்கிய ஒரு கொலை வழக்கின் செலவும் அதனால் விளைந்த கடனுமே அம்மலையைக் குத்தகைக்கு விடக் காரணம் என்பர். 1929இல் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலம் 99 ஆண்டுக் குத்தகையாகப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்திற்குச் சென்றது. 1863இல் தொடங்கப்பெற்று, பர்மாவின் தேக்கினால் செழித்த நிறுவனம் அது. தேக்கு வெட்டியதில் விதிமீறல் என்று பர்மிய அரசு அதற்கு விதித்த தண்டமே 1885ஆம் ஆண்டு ஆங்கில–பர்மியப் போருக்குச் சாக்காயிற்று என்பது வரலாறு.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. காட்டைத் திருத்தியவர், அட்டைக் கடியிலும் பனியிலும் கொழுந்து கிள்ளியவர், சமவெளியிலிருந்து மலையேறிய ஏழை மக்கள். அவருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்.

1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1952இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசுடைமையாயிற்று. நிலத்தின் உரிமையாளர் மாறினார், குத்தகைதாரர் மாறவில்லை. நிறுவனம் அரசின் குத்தகைதாரராகத் தொடர்ந்தது. இவ்விடத்து ஒரு நுட்பத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஜமீன் ஒழிப்பினால் ஆயிரக்கணக்கான குடிகள் பட்டா பெற்றனர். பெற்றவர் யாரெனில், நிலத்தைத் தம் பெயரில் வைத்துப் பயிரிட்ட குடிகள். அவர்தம் வயலில் கூலிக்கு உழுத பண்ணையாளுக்கு அச்சட்டம் பட்டா அளிக்கவில்லை. தோட்டத்திலும் அவ்வாறே. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கச் சொல்லிற்று. அவ்வீட்டை அவருக்கு உடைமையாக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

1990களின் இறுதியில் கூலி உயர்வு வேண்டி அத்தொழிலாளர் போராடினர், பலர் சிறைப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரி 23-7-1999 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணியின்மீது காவலர் தடியடி நடத்தினர். தப்பியோடித் தாமிரபரணியில் இறங்கியோர் உட்பட 17 பேர் மாண்டனர். அவருள் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. மலையில் எந்த நீரின் ஊற்றருகே உழைத்தார்களோ, அந்த நீரே சமவெளியில் அவர்களுக்குப் புதைகுழியாயிற்று.

அம்மலை 1988 முதல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தால் சூழப்பட்டது. 2018இல் சிங்கம்பட்டி ஜமீன் காடுகளை அரசு காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை 2028இல் முடிய வேண்டியது. அதற்கு முன்பே, 2024இல், நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை முன்வைத்துத் தொழிலாளரை வெளியேறச் சொல்லிற்று. தேயிலைத் தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும், அல்லது தமக்கு நிலம் அளிக்க வேண்டும் என்று அவர்கள் கோரினர். சென்னை உயர்நீதிமன்றம் 3-12-2024 அன்று அம்மனுக்களை ஏற்க மறுத்து, அரசு அறிவித்த மறுவாழ்வு உதவிகளை நிறைவேற்றுமாறு பணித்தது. நான்கு தலைமுறை வாழ்ந்த மலையில் அவர்களுக்கென்று ஒரு சென்ட் நிலமும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இங்கே "குத்தகை நிலத்தைக் குத்தகைதாரருக்கே விற்றுவிடுக" என்னும் கொள்கையைப் பொருத்திப் பார்ப்போம். அது நடைமுறைக்கு வந்திருந்தால் மலை யாருக்குப் போயிருக்கும்? நிறுவனத்திற்கே போயிருக்கும். கொழுந்து கிள்ளியவர் அப்போதும் கூலியாளே. எனவே குத்தகைதாரருக்கு விற்பனை என்னும் சொல், கேட்பதற்கு ஏழையின் சொல்போல் தோன்றினாலும், சீட்டு யார் கையில் உள்ளதோ அவருக்கே பயன்படும்.

மறுபுறம், அக்காடு மீண்டும் காடாவதை நாம் பழித்தலும் பொருந்தாது. அம்மலையில் பெய்யும் மழையே மணிமுத்தாற்றின் நீர். அந்நீரே கால்வாயின் கடைமடையில் நம் குளத்திற்கும் வரவேண்டிய நீர். நீரின் தாய்வீட்டைக் கூறுபோட்டு விற்கலாகாது. ஆனால் நீருக்காகவும் காட்டிற்காகவும் உழைப்பாளி இடம்பெயர வேண்டுமெனில், அதன் விலையை அவர் மட்டும் செலுத்துவது முறையன்று. மாற்று நிலமும் மனையும் அவர் பெயரில், அவர் மனைவியின் பெயரில், பட்டாவுடன் கிடைக்க வேண்டும். அதற்கு முன்மாதிரியும் உண்டு. பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் கூலிகளுக்கு அக்குடியிருப்பு மனையையே உடைமையாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971இல் இதே தமிழ்நாட்டில் நிறைவேறிற்று. சீட்டில் பெயரில்லாதவர்க்கும் அவர் வாழ்ந்த இடத்தில் உரிமை உண்டு என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது.

நாம் கொள்ள வேண்டுவன

இச்சான்றுகளிலிருந்து நம் இளைஞர்கள் சிலவற்றைத் தெளிந்து கொள்ளல் நலம்.

முதலாவது, நிலத்தைப் பற்றிய எந்தத் திட்டம் வந்தாலும் "யார் பெயரில்?" என்று முதலில் வினவுதல் வேண்டும். உழைப்பவர் பெயர் பதிவேட்டில் ஏறாதவரை எந்தச் சலுகையும் அவரை வந்தடையாது.

இரண்டாவது, விற்கும் உரிமையை விடக் காக்கும் உரிமையே நலிந்தோர்க்குத் துணை. கில்முயர் மக்கள் உடைமையை மறுத்து நிலையான குத்தகையைத் தேர்ந்தனர். லங்கா நிலச் சங்கங்கள் கூட்டாகக் குத்தகை பெற்றன. நிபந்தனையுள்ள நிலத்தை "முழுப் பட்டா இல்லையே" என்று இளக்காரமாக எண்ணுதல் கூடாது. அந்நிபந்தனையே நிலத்தின் வேலி.

மூன்றாவது, வேலி தானே காக்காது, காவலாள் வேண்டும். பஞ்சமி நிலத்திற்கு நிபந்தனை இருந்தும் காவல் இல்லை. பட்டாவிற்கும் ஒப்படைப் பத்திரத்திற்கும் உள்ள வேறுபாடு, குத்தகைச் சீட்டிற்கும் ஆக்கிரமிப்பிற்கு விதிக்கும் பி-மெமோவிற்கும் உள்ள வேறுபாடு, அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றில் என்ன எழுதப்படும் என்பன, பத்தாம் வகுப்பு முடித்த ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டுவன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. நம் ஊரின் ஒப்படை நிலங்கள் எவை, அவை இன்று யார் பெயரில் உள்ளன என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம். பட்டம் பெற்றும் பாட்டனின் பத்திரத்தை வாசிக்க இயலாவிடில் அக்கல்வி குறைபட்டதே.

நான்காவது, நீர்நிலையை ஆக்கிரமித்து வாழ்தல் நமக்குப் பாதுகாப்பன்று. வெள்ளமும் சட்டமும் முதலில் அங்கேதான் வந்து தாக்கும். அவ்வாறு வாழ நேர்ந்தோர்க்கு மேட்டு நிலத்தில் பட்டாவுடன் மனை கேட்பதே நிலையான வழி.

முடிவுரை

மிராசுதாரர் முன்னுரிமை கோரினார். ஜமீன்தார் மலையைக் கடனுக்கு ஈடாக்கினார். நிறுவனம் 99 ஆண்டுச் சீட்டு பெற்றது. இவர்கள் அனைவரிடமும் இருந்தது, நம் முன்னோரிடம் இல்லாதிருந்தது, எழுத்து. உழைப்பில் நம் முன்னோர் யாருக்கும் குறைந்தவரல்லர்; ஏட்டில் மட்டுமே அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. கால் நூற்றாண்டாக நம் கழகம் ஏற்றிவரும் கல்வி விளக்கு அவ்வேட்டின்மீதும் ஒளி வீச வேண்டும். இந்த விழா ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களை எடுத்துப் பெரியோர் முன்னிலையில் இளைஞர்கள் வாசித்துக் காட்டட்டும். ஐயம் எழுந்தால் வட்டாட்சியர் அலுவலகத்திற்குக் கூட்டமாகச் சென்று கேட்கட்டும். நிலத்தை மீட்பதற்கும் இருப்பதைக் காப்பதற்கும் அதுவே முதற்படியாகும்.